முதுநகர் சர்வரும் மூத்த மாப்பிள்ளையும்

இனிமேல் சிதம்பரத்தில் காலடி வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மச்சான் எழிலன் அங்கே வீடு கட்டிக் குடிபோகிறான். கிரகப்பிரவேசப் பத்திரிகையில் சின்ன மாப்பிள்ளை பெயர் மேலே. மூத்த மாப்பிள்ளை என் பெயர் கடைசியில், அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில். வயிறு எரியுமா, எரியாதா?

வீட்டுக்குள் கோபப்பட்டால் யார் மதிக்கிறார்கள்? ஊரறியக் கோபப்பட்டேன். முதுநகரில் நான் சொந்தமாக ஒரு சமூக வலைத்தள சர்வர் நடத்துகிறேன். எழிலன் சிதம்பரத்தில் ஒன்று நடத்துகிறான். மாமனார் வீடு மொத்தமும் அதில்தான். தனித்தனி சர்வர் என்றாலும் இங்கே எழுதினால் அங்கே படிக்கலாம். பிடிக்காத சர்வரை ஒரேயடியாகத் தடுத்தும் வைக்கலாம். எந்தப் பக்கம் தடுத்தாலும் இங்கே எழுதுவது அங்கே போகாது, அங்கே எழுதுவது இங்கே வராது.

'விசேஷத்துக்கு வரமாட்டேன்' என்று காலையும் மாலையும் எழுதினேன். மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால் பெண் வீட்டார் ஓடிவந்து கெஞ்ச வேண்டும், அதுதானே முறை? ஒருத்தனும் வரவில்லை. ஒரு வரி பதில்கூட இல்லை.

"உன் தம்பி என் சர்வரையே தடுத்துட்டான்டி" என்று கத்தினேன்.

என் மனைவி கயல்விழி சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"பாத்தீங்களா?"

"பாக்க வேற வேணுமா?"

"எந்த சர்வர் எதத் தடுத்திருக்குன்னு காட்டுற தளம் இருக்குல்ல? ரெண்டு சர்வர் பேரையும் போட்டுப் பாருங்க. அப்புறம் கத்துங்க."

போட்டேன். கிடைக்கிற ஆதாரத்தைச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பி எழிலன் மானத்தை வாங்கக் கை துடித்தது. திரையில் வந்தது இதுதான்: சிதம்பரம் முதுநகரைத் தடுக்கவில்லை. முதுநகர்தான் சிதம்பரத்தைத் தடுத்திருக்கிறது.

என் சர்வர். என் வீட்டு பீரோ மேல் உட்கார்ந்து என் கரண்டைத் தின்கிற சர்வர்.

"யாருடி செஞ்சது?"

"நான்தான். மறந்துடுவேன்னு பாஸ்வேர்ட என்கிட்டதான குடுத்து வெச்சிருக்கீங்க."

"என் வாய அடைக்க நீ யாரு?"

"அடைக்கலன்னா என்னா ஆயிருக்கும்? 'மாமா வரலயாம், ஒரு எல கொறச்சிப் போடு'ன்னு அவன் பாட்டுக்குப் போயிருப்பான்."

கொதித்துப்போனேன். "எடு தடைய. இப்பவே எடு. படிக்கட்டும், எல்லாரும் படிக்கட்டும்."

"எடுத்துட்டாப் போச்சு." கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "பத்திரிகைல அச்சகத்துக்காரன் பேர மாத்திப் போட்டுட்டான்னு எங்கப்பா அழாத கொறையா இருக்காரு. மூத்த மாப்பிள்ளைக்குச் சபையில போடறதுக்குன்னு மோதரம் வாங்கி வெச்சிருக்காரு. அவர நீங்க எச்சக்கை கஞ்சன்னு எழுதுனத மொதல்ல அவரே படிக்கட்டும்."

எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுத்துடவா?"

"கயலு... தடை அது பாட்டுக்கு இருக்கட்டும். யாருக்கு என்ன தொந்தரவு?"

"அப்ப காலைல மொத பஸ்ஸ புடிங்க. சமையலுக்கு ஆள் பத்தலயாம். வெங்காயம் உரிக்க நீங்க வர்றீங்கன்னு போன வாரமே சொல்லிட்டேன்."