ஒரு கட்டை தள்ளிப்போன வளைகாப்பு

சொந்தப் பெண்டாட்டியின் வளைகாப்பு நடக்கும்போது, "பாடியை எப்போ எடுக்கிறீங்க?" என்று பின்தெருக்காரர் வந்து விசாரிக்கும் நிலைமையை உண்டாக்கியவன் நான். இதை நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அடுத்தவர் வாயால் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும். (என் மச்சினி சொல்லும்போது அதில் ஒரு ஆம்புலன்சும் வரும். ஆம்புலன்செல்லாம் வரவில்லை.)

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. மரக்காணத்தில் ஒரு உப்பு கம்பெனியின் எடை மேடையில் வேலை. லாரி ஏறும், எடை எழுதுவேன், லாரி இறங்கும். இப்படிப்பட்டவனுக்கு ராக் கிடார் பைத்தியம் பிடித்தது ஆரோவில்லில் பார்த்த ஒரு கச்சேரியால். மேடையில் நாலு பேர். ஒருத்தர்கூடப் பாடவில்லை. ஒரு மணி நேரமும் கிடார்தான் பாடியது. வார்த்தையே இல்லாமல் கேள்வி கேட்டது, கோபித்துக்கொண்டது, கடைசியில் சமாதானமும் ஆனது. பாடவும் வராத, பேசவும் பெரிதாக வராத எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய கறுப்பு எலக்ட்ரிக் கிடார் ஒன்று என் கைக்கு வந்தது. உப்புக் காற்றில் அதன் கம்பிகள் பத்து நாளைக்கு ஒருமுறை துருப்பிடிக்கும். நான் சளைக்காமல் மாற்றுவேன்.

போனில் பாடம் பார்த்துப் பார்த்து வாசிக்கப் பழகியதில் என்னை அடியோடு மயக்கியது 'மோடு' என்கிற சங்கதி. விஷயம் சுலபம்தான். கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழே சுரம். அடியில் தம்பூரா மாதிரி எந்தச் சுரம் விடாமல் ஒலிக்கிறதோ, அதைப் பொறுத்து மேலே வாசிக்கிற மெட்டின் குணமே மாறிவிடும். அடியில் 'எஃப்' ஒலித்தால் அது லிடியன். காலை வெயில் பட்ட உப்பளம் மாதிரி பளிச்சென்று இருக்கும். அடியில் 'ஈ' ஒலித்தால் அதே மெட்டு ஃப்ரிஜியன் ஆகிவிடும். நெஞ்சைப் பிடித்துக் கசக்கும். மேலே வாசிப்பவன் ஒரு விரலைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இது தெரிந்த நாளிலிருந்து நான் தாங்க முடியாத ஆளாகிவிட்டேன். டீக்கடையில் ஓடும் பாட்டுக்கு மோடு சொல்வேன். லாரி ஹாரனுக்கும் சொல்வேன். டிரைவர்கள் என்னிடம் எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடிப்போவார்கள். என் மனைவி கோமதிக்கு ஓட வழியில்லாததால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் மாமியார்தான் மசியவில்லை. தன் ஊரான இரும்பையிலிருந்து வரும்போதெல்லாம் கிடாரை ஒரு பார்வை பார்ப்பார்.

"ஏன் மாப்ள, பாட்டே இல்லாம என்னாத்த வாசிக்கிறீங்க?"

"பாட்டு வேணாம் அத்தை. மெட்டே பேசும்."

"என்னா பேசுது?"

 இதற்கு வளைகாப்பு அன்று அத்தையின் காதுக்கே நேரடியாகப் பதில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பிறக்கப்போகிற குழந்தைக்காக லிடியனில் நானே ஒரு மெட்டு போட்டேன். இரண்டு மாதம் தினமும் வாசித்தேன். கோமதி தூக்கத்தில்கூட அதை முணுமுணுத்தாள். (ஆசையால் அல்ல, அலுப்பால் என்று பிற்பாடு சொன்னாள்.)

வாசல் பந்தலில் விழா. கோமதி நாற்காலியில் முழங்கைவரை வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள். எனக்குத் துணைக்கு வாசிக்க ஆள் கிடையாது. ஆகவே நண்பனின் கீபோர்டை இரவல் வாங்கி, எஃப் கட்டையை அமுக்கி, அது மேலே எழும்பாமல் இருக்க எங்கள் வளைகாப்புப் பத்திரிகையையே நாலாக மடித்து இடுக்கில் சொருகினேன். அதாவது, எஃப் என்று நினைத்து ஒரு கட்டையை அமுக்கினேன். கீபோர்டில் ஈயும் எஃப்பும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் கறுப்புக் கட்டைகூடக் கிடையாது. பட்டு வேட்டி அவிழுமோ என்ற பயத்திலும் நாலு பக்கமும் பெண்கள் பார்க்கிற படபடப்பிலும் நான் அமுக்கியது ஈ.

ஆம்ப்ளிஃபயரை முறுக்கிவிட்டு ஆரம்பித்தேன்.

முதல் வரியிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வீட்டில் சிரித்த மெட்டு இங்கே விசும்பியது. ஒரு கலைஞன் இந்த இடத்தில் என்ன செய்வான்? நிறுத்திப் பார்ப்பான். நான் என்ன செய்தேன்? உணர்ச்சி போதவில்லை என்று நினைத்து, சத்தத்தைக் கூட்டி, கம்பியை வளைத்து வளைத்து இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கிடார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதது.

வளையல் போட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. என் பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவர் அழுவதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அழுதார்கள். உப்பளத்து வேலை முடிந்து தெருவில் போன ஆட்கள் சைக்கிளை நிறுத்தித் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். நானோ கண்ணை மூடியிருந்தேன். விசும்பல் காதில் விழுந்தபோது, "ஆகா, மெட்டு பேச ஆரம்பிச்சிடுச்சு!" என்று பூரித்துப் போனேன்.

அப்போதுதான் பின்தெருக்காரர் வந்து, பந்தல் காலைப் பிடித்தபடி, அந்தக் கேள்வியைத் தணிந்த குரலில் கேட்டார்.

என்ன தவறு என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் கோமதி. இரண்டு மாதம் கேட்ட காது. நாற்காலியிலிருந்து எழ முடியாமல் கத்தினாள். "ஏங்க! கட்டை! கட்டையைப் பாருங்க!"

இதைக் கேட்டதும் பந்தலில் கொஞ்சநஞ்சம் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. அத்தையின் அண்ணன் ஏழுமலை மாமா அலறிக்கொண்டு எழுந்தார். "யாரு கட்டை சாஞ்சிடுச்சி? ஏம்பா, யாரு?"

"அய்யோ மாமா, கீபோர்டு கட்டை! மாத்தி அமுக்கிட்டாரு!"

நான் கண்ணைத் திறந்தேன். எதிரில் அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"மாப்ள," என்றார். "நிறுத்துங்க."

நிறுத்தினேன். கீபோர்டு மட்டும் தன்பாட்டுக்கு 'ஈ' என்று இழவு சொல்லிக்கொண்டிருந்தது. பத்திரிகையைப் பிடுங்கினேன். பாதி கிழிந்து வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு காரியமா என்று அத்தை கோமதியை உள்ளே கூட்டிப்போய் உப்பு சுற்றிப் போட்டார். மிளகாய் சுற்றினார். பூசணிக்காய் உடைத்தார். அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே பயம். லிடியனும் ஃப்ரிஜியனும் எல்லாம் மறந்துபோய், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற ஒரே நினைப்பு. கிடாரைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஓரமாக நின்றேன்.

கோமதிதான் வாசலுக்குத் திரும்பி வந்து சொன்னாள். "சரியா வச்சி இன்னொரு வாட்டி வாசிங்க. இப்படியே முடிச்சா நல்லா இருக்காது."

இந்த முறை மூன்று தடவை எண்ணிப் பார்த்து எஃப்பை அமுக்கினேன். வாசித்தேன். அதே விரல்கள், அதே மெட்டு, வெயில் வந்துவிட்டது. ஆனால் இதற்குள் பின்பக்கம் இலை போட்டிருந்தார்கள். உலகத்திலேயே அழகான என் லிடியனைக் கேட்டது கோமதியும், சைக்கிளோடு நின்ற இரண்டு பேரும்தான். அத்தை உள்ளே இருந்தார். கேட்டாரா, தெரியாது. கேட்கத் தைரியமும் இல்லை.

அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல், கணீர் குரல். அதன் பிறகுதான் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. குழந்தையைப் பார்க்க வந்த ஏழுமலை மாமா என்னைத் தனியாக அழைத்தார். "மாப்ள, அன்னிக்கு வாசிச்சீங்களே, ஆளையே உலுக்கிடுச்சி. நான் போனா நீங்கதான் வந்து அதை வாசிக்கணும். சொல்லிட்டேன்." அவர் போய் ஊரெல்லாம் சொல்ல, பெரியம்மா பேர் கொடுத்தார், பின்தெருக்காரர் கொடுத்தார். இன்றைக்கு மொத்தம் ஒன்பது பேர் முன்பதிவு செய்திருக்கிறார்கள். எல்லோரும் திடகாத்திரமாக இருக்கிறார்கள். விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால், "இன்னும் டைம் இருக்குது, போய் சாப்புடுங்க" என்கிறார்கள்.

போன பொங்கலுக்கு இரும்பைக்குப் போயிருந்தபோது அத்தையும் கேட்டார். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"எனக்கும் வாசிப்பீங்க இல்ல மாப்ள?"

"என்ன அத்தை நீங்களும்..."

"அந்த அழுவாச்சி வேணாம். அதை எங்கண்ணனுக்கே வச்சிக்குங்க. எனக்கு, ரெண்டாவதா வாசிச்சீங்களே, அது."