இருபத்தோரு நாளில் ஒரு பிட்சர்

சாஃப்ட்பால் என்றால் மெத்தென்ற பந்து என்று நினைத்துக்கொண்டுதான் நான் சாஃப்ட்பால் பயிற்சியாளர் ஆனேன். அது அப்படி ஒன்றும் மெத்தென்று இருக்காது என்பது முதல் நாளே என் முழங்காலுக்குத் தெரிந்துவிட்டது. மீதி விஷயங்கள் எனக்குத் தெரிய வருவதற்குள் ஒரு பெண்ணின் தோளைக் கெடுத்துவிட்டேன்.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. குஜிலியம்பாறைப் பக்கம் கோ-கோ ஆடி வளர்ந்தவள். திண்டுக்கல் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் மாதக் கடைசியில் எச்.எம். மேடம் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே நான்கு மட்டை, பத்துப் பன்னிரண்டு தோல் கிளவுஸ், ஹெல்மெட், மஞ்சள் பந்துகள்.

"சாஃப்ட்பால் சாமான் வந்திருக்கு. இந்த வருஷம் டீம் இறக்கணும். உங்களுக்குத் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும் மேடம்."

(தெரியும் என்பதற்கும் தெரியாது என்பதற்கும் எழுத்துக் கணக்கு ஒன்றுதான். வாயில் ஏனோ இதுதான் வந்தது.)

மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடினேன். பள்ளிப் பிட்சர்களுக்கு, அதாவது பந்து வீசும் பிள்ளைகளுக்கு, போட்டிக் காலம் தொடங்கும் முன் கொடுக்க வேண்டிய பயிற்சித் திட்டம் ஒன்று கிடைத்தது. யாரோ வெளிநாட்டுப் பயிற்சியாளர் பொறுமையாக எழுதியிருந்தார். மொத்தம் பன்னிரண்டு வாரம். முதல் வாரம் மணிக்கட்டை மட்டும் பழக்க வேண்டும், இரண்டாம் வாரம் பக்கத்தில் நின்று மெதுவாக வீச வேண்டும், பந்துகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வாசிக்கும்போதே கொட்டாவி வந்தது. பன்னிரண்டு வாரத்தை நான்கால் வகுத்தால் மூன்று வாரம். கணக்கு அவ்வளவு அழகாக அமைந்ததில் எனக்கே ஒரு பெருமை.

அந்தத் திட்டத்தில் புதன்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நேராக 'ஓய்வு' என்று போட்டிருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் செல்லமாக வளர்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். புதனில் 'வேகப் பந்து' என்றும் ஞாயிறில் 'சிறப்புப் பயிற்சி' என்றும் எழுதினேன். இன்னொரு இடத்தில், அணிக்குக் குறைந்தது இரண்டு பிட்சர்களைத் தயார் செய்யுங்கள் என்று இருந்தது. அதையும் அடித்தேன். கட்டம் போதவில்லை. பிறகு நான்கு வண்ணத்தில் சார்ட் வரைந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் லேமினேஷனும் செய்துவிட்டேன். வாழ்க்கையில் நான் அதற்கு முன் லேமினேஷன் செய்திருந்தது என் டிகிரி சர்டிபிகேட் ஒன்றைத்தான்.

இனி காளீஸ்வரி. பன்னிரண்டாம் வகுப்பு. வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருவாள். சாஃப்ட்பாலில் பிட்சர் கையை ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடவேண்டும். வீடியோவில் பத்துத் தடவை பார்த்தும் எனக்குக் கை ஒரு பக்கமும் பந்து ஒரு பக்கமும்தான் போனது. காளீஸ்வரி ஒரு தடவை பார்த்தாள், சுற்றினாள், விட்டாள். எதிரே கிளவுஸோடு உட்கார்ந்திருந்த நஸ்ரின் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"ஏடி, கை எரியுதுடி. மெதுவாப் போடு."

அந்தச் சத்தத்தை நான் இன்றும் மறக்கவில்லை. கிளவுஸின் நடுவில் பந்து விழும்போது வரும் சத்தம். சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது. நான் செய்திருக்க வேண்டியதெல்லாம் அவளை அவள் போக்கில் விட்டு, பத்திரமாகப் பார்த்துக்கொள்வது மட்டும்தான். என்னிடம் லேமினேட் செய்த சார்ட் இருந்ததே, எப்படி விடுவேன்?

காலை ஏழு முதல் எட்டரை, மாலை நாலரை முதல் ஆறு. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பந்து. எடுத்த எடுப்பிலேயே திட்டத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். (முதல் பக்கங்கள் தெரியாத பிள்ளைகளுக்கு, இவளுக்குத்தான் தெரியுமே.) தண்ணீர் குடிக்கக்கூட என் சார்ட்டில் கட்டம் இருந்தது. அவள் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாள் என்று கேட்க மட்டும் கட்டம் இல்லை. அவர்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடியும் முன்பே மொட்டு எடுக்கக் கிளம்பிவிடுவாள். இரண்டு மணி நேரம் குனிந்து நின்று மொட்டுப் பறித்துவிட்டு, பஸ் ஏறி வந்துதான் என் ஏழு மணிக்கு நின்றிருக்கிறாள்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், தோளு செத்த பிடிச்ச மாதிரி இருக்கு."

"பழகலைல்ல, அப்படித்தான் இருக்கும். இன்னொரு இருபது போடு, சரியாயிரும்."

போட்டாள். அதற்குப் பிறகு அவள் தோளைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அன்று சார்ட்டில் ஒரு ஸ்டார்கூட ஒட்டினேன்.

மாவட்டப் போட்டி வேறொரு பள்ளி மைதானத்தில் நடந்தது. அன்று நன்றாக ஆடுகிறவர்களை மாநிலப் போட்டிக்குப் போகும் அணிக்கு எடுப்பார்கள். மாநிலச் சான்றிதழ் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம். காளீஸ்வரிக்கு அதுதான் பள்ளியில் கடைசி வருஷம். அவள் எப்படியும் தேர்வாகிவிடுவாள் என்ற நம்பிக்கையில் எச்.எம். மேடத்தையும் அவள் அப்பாவையும் நானே நேரில் வரச் சொல்லியிருந்தேன். அப்பா வாழையிலையில் மல்லிகைச் சரம் மடித்துக் கொண்டுவந்து மேடத்துக்கும் எனக்கும் கொடுத்தார். நான் தலை நிறைய வைத்துக்கொண்டேன். கழுத்தில் விசில், தலையில் இரண்டு முழம் பூ. கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் போட்டி நடத்த வந்தவள்போல இருந்தேன்.

போட்டிக்கு முன் உடம்பைச் சூடாக்கப் பத்துப் பதினைந்து பந்து போதும். நான் எண்பது போடச் சொன்னேன். கடைசி இருபதில் அவள் முகம் வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

முதல் பந்து. கை பாதி வட்டத்திலேயே தடுமாறியது. பந்து நஸ்ரின் தலைக்கு மேலே எங்கோ பறந்து, பந்தலுக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்த டீ கேனில் போய் இடித்தது. கேன் சாய்ந்து, வரிசையில் இருந்த பேப்பர் கப்புகளும் டீயும் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவர் மடியில் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது பந்துக்கு அம்பயர் குனிந்து தப்பித்தார். மூன்றாவது எதிரணியின் பெஞ்சுக்குப் போனது. நான்கு பந்து தப்பாகப் போட்டால் எதிரணிப் பெண் அடிக்காமலே நடந்து போய் முதல் பேஸ் என்ற இடத்தில் நின்றுகொள்ளலாம்; பின்னால் வருகிறவர்கள் தள்ளத் தள்ள நான்கு பேஸையும் சுற்றி வந்துவிட்டால் ஒரு ரன். ஒருத்தி நடந்தாள். இரண்டாமவள் நடந்தாள். அடுத்தடுத்து நடந்து நடந்தே ரன் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எச்.எம். மேடம் கேட்டார்:

"ஏன் மிஸ், அந்தப் பிள்ளைக எல்லாம் சும்மா நடந்து போகுதுக? அவுங்களுக்கு ஓடத் தெரியாதா?"

நான் வாயில் விசிலை வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

கடைசியில் காளீஸ்வரி பந்தைக் கீழே வைத்தாள். கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. இரண்டாவது பிட்சர் இல்லை. நஸ்ரின்தான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "நான் போடுறேன் மிஸ்" என்று வந்தாள். ஒருநாளும் பழகாதவள். அவள் போட்ட பந்து ஊர்வலம்போல மெதுவாகப் போனது. வேகத்துக்குத் தயாராக வந்திருந்த எதிரணிப் பிள்ளைகள் பந்து வரும் முன்பே மட்டையைச் சுற்றிவிட்டுத் திருதிருவென்று விழித்தார்கள். அப்படியே இரண்டு மூன்று பேர் அவுட். என் இருபத்தோரு நாள் திட்டத்தில் ஒரு நாளும் இல்லாதவள்தான் அன்றைக்கு அணியின் மானத்தைக் காப்பாற்றினாள். ஆனாலும் தோற்றோம். வித்தியாசம் அதிகம் என்று ஆட்டத்தைப் பாதியிலேயே முடித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் சொல்லும் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடும். டீ கேன், நடந்து போன பிள்ளைகள், மேடத்தின் கேள்வி. கல்யாணமாகி வந்த புதிதில் நானேதான் இதைச் சொன்னேன். இப்போது என் கணவர் செந்தில் என்னைவிட நன்றாகச் சொல்வார். விருந்தாளி யார் வந்தாலும் டீ கொடுக்கும்போது, "கப்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க, எங்க வீட்டம்மா கோச்சு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் காளீஸ்வரியின் அப்பா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"டீச்சர், ஒரு பத்து நாளா இது எடது கையாலதேன் பூ எடுக்குது. நீங்கதேன் எடது கையையும் பழக்கச் சொல்லிருக்கீகன்னு நெனச்சு நானும் கேக்கல."

என் தலையில் அவர் தோட்டத்துப் பூ.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். எலும்பு டாக்டர் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் போகவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை பந்து போட்ட?"

"நூத்தம்பது சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எடுத்த எடுப்புலயா? யாரு போடச் சொன்னது?"

காளீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன். முழங்கை, மணிக்கட்டு, விரல் எலும்புகள். ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"நானாத்தேன் சார் போட்டேன்" என்றாள்.

"இனிமே இப்படி முரட்டுத்தனம் பண்ணாத" என்று அவளைத் திட்டினார் டாக்டர். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'நல்லாத் தெரியும் மேடம்' என்று அவ்வளவு சுலபமாக வந்த வாய்க்கு, 'நான்தான் சார்' என்று மட்டும் வரவில்லை. மூன்று மாதம் கையை அசைக்காமல் வைத்திருந்தாள். மாநிலப் போட்டிக்கு வேறு பிள்ளைகள் போனார்கள். பரீட்சையெல்லாம் எழுதிவிட்டுப் பள்ளியை விட்டுப் போகும்போது எல்லா டீச்சர்களிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடமும் வந்தாள், "போயிட்டு வாரேன் மிஸ்" என்றாள். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு பயிற்சியாளர் முகாம்களுக்கெல்லாம் போய் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டு வாரம் என்றால் பன்னிரண்டு வாரம், ஓய்வு என்றால் ஓய்வு. அவளுக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

போன வருஷம் ஜூனில் காளீஸ்வரி பள்ளிக்கு வந்தாள். வத்தலக்குண்டில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாளாம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்த தங்கை முத்துப்பிரியாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

"இவளும் பந்து போடுவா மிஸ். என்னயவிட வேகம்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் சொல்லிருக்கணும் காளீஸ்வரி. தப்பு என்னோடது" என்றேன்.

அதெல்லாம் ஒன்றுமில்லை மிஸ் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னுதேன் ஒங்களப் பாத்தேன் மிஸ். ரொம்ப நாள் கோவமா இருந்துச்சு." தங்கையை என் பக்கம் நகர்த்தினாள். "ஆனா இந்தப் பக்கத்துல பிள்ளைகளுக்குப் பந்து போடச் சொல்லித்தர வேற ஆளு இல்லை. அதேன் கூட்டிட்டு வந்தேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போன் பண்ணுவேன். இவ எம்புட்டுப் பந்து போட்டான்னு நீங்க எனக்குச் சொல்லணும்."

அன்றிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமையும் தவறுவதில்லை. சாயங்காலம் போன் அடித்ததும், "ஆபீசர் கூப்பிடுறாங்க, எந்திரிச்சு நின்னு பேசு" என்று செந்தில் கிண்டல் செய்வார். ஐந்து வயது மகனும் அதைச் சொல்லப் பழகிவிட்டான். நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசிப்பேன். திங்கள் நாற்பது. செவ்வாய் நாற்பது. புதன் ஓய்வு.

கேட்டு முடித்துவிட்டு, "சரிங்க மிஸ்" என்று வைத்துவிடுவாள். வைத்ததும் தங்கையைக் கூப்பிட்டு அதே எண்ணிக்கையைக் கேட்டுச் சரிபார்க்கிறாள் என்று முத்துப்பிரியாவே என்னிடம் சொன்னாள். கேட்கட்டும்.