கிரீடம் இறங்காத தலை

முன்னாள் அமைச்சர் உண்டு, முன்னாள் தலைமையாசிரியர் உண்டு. முன்னாள் அழகி மட்டும் உலகத்தில் எங்கும் கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால், அழகிப் பட்டம் வாங்கி, அப்படியே சினிமாவுக்கு வந்து, அப்படியே சீரியல் வாசலுக்கும் வந்து சேர்ந்த ஒருவரிடம் அந்த 'முன்னாள்' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். சீரியலுக்கு வசனம் எழுதுகிற நான் ஒரு தடவை சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். நடந்து வந்தால் கடைசி அடியில் நிற்பார். ஒரு கால் முன்னே, ஒரு கை இடுப்பில், முகம் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். இடது பக்கம்தான் எடுப்பு என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு நடுவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய வலது கன்னத்தை வீட்டாரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. காபியா டீயா என்று கேட்டால்கூட, "ரொம்ப நல்ல கேள்வி" என்று ஆரம்பித்து, உழைக்கும் பெண்கள் எல்லோருக்கும் இரண்டும் கிடைக்க வேண்டும் என்று முப்பது விநாடிக்குள் முடித்து, நன்றி சொல்லிப் புன்னகைப்பார். அவருக்கு எதுதான் வேண்டும்? அது கடைசிவரை தெரியாது.

கூடவே ஓர் அம்மா வருவார். நாற்பத்து மூன்று வயது மகளைப் "பாப்பா" என்பார்.

எங்களிடம் வந்தவருக்கு செட்டில் 'கிரீடம்' என்று பெயர். முதல் படத்தில் கதாநாயகனின் காதலி, மூன்றாவதில் அண்ணி, ஐந்தாவதில் முதல் காட்சியிலேயே விபத்தில் போய்விடுகிற தாய். அதற்குப் பிறகு கடைத் திறப்பு விழாக்கள். பிறகு யாரும் கடை திறக்கக் கூப்பிடவில்லை.

"ரெண்டு வருஷமா போன் அடிக்கலை தம்பி," என்று அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "போன்தான் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கினா. அதுவும் அடிக்கலை. இந்த வேஷமாவது பாப்பாவுக்கு வரணும்."

வேஷம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. அறைக்குள் வந்து, கட்டிலில் கிடக்கும் கணவனின் உடலைப் பார்த்து அழ வேண்டும். கடைசிச் சுற்றில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் கிரீடம். மற்றவர் அதே அழகிப் போட்டியில் இரண்டாவதாக வந்தவர். அதன்பின் நாடகம், டப்பிங், கூட்டத்தில் ஒருத்தி என்று வந்ததையெல்லாம் செய்து காலம் தள்ளியவர்.

கிரீடம் கதவைத் திறந்து வந்தார். கட்டில்வரை நடந்தார். நின்றார். ஒரு கால் முன்னே, ஒரு கை இடுப்பில்.

"மேடம், உங்க புருஷன் செத்துட்டாரு," என்றார் இயக்குநர்.

"தெரியும் சார். அதான் சோகமா திரும்பினேன்."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் திரும்பினார். மூன்றாம் தடவை பிணம் கண்ணைத் திறந்தது. "சார், முதுகு வலிக்குது. சீக்கிரம் யாராவது அழுதுட்டா தேவலை."

அடுத்து இரண்டாவதாக வந்தவர் போனார். கட்டில் காலில் இடித்துக்கொண்டார், அப்படியே தரையில் உட்கார்ந்தார், அழுதார். பிணம் மூக்கை உறிஞ்சியது.

இயக்குநருக்கு ஒரு பழக்கம். எதையும் எல்லோரையும் நிற்கவைத்துத்தான் அறிவிப்பார். "இந்த வேஷத்தைப் பண்ணப்போறது..." என்று சொல்லி, தொண்டை வறண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான். கிரீடம் ஓர் அடி முன்னால் வந்து, முழங்காலை லேசாக மடக்கி, தலையைக் குனிந்து கொடுத்தார். வைக்கிறவருக்கு எட்ட வேண்டாமா?

இயக்குநர் மற்றவரைக் கைகாட்டினார்.

குனிந்த தலை நிமிரவில்லை. இவ்வளவு நேரம் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த எனக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை. அம்மா கைப்பைக்குள் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தார். இரண்டாவதாக வந்தவர்தான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மேடையிலும் இரண்டு பேரும் அப்படிக் கைகோத்துத்தான் நின்றார்களாம்.

"பரவால்லடி," என்றார். "முதல் தடவை இப்படித்தான் இருக்கும். போகப்போகப் பழகிடும்."

அப்போது வந்தது பாருங்கள் அழுகை. மூக்கு சிவந்து, உதடு கோணி, எந்தப் பக்கம் எடுப்பு என்பதெல்லாம் மறந்து, வலது கன்னம் முழுக்க வழிந்தது. இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இதைத்தானேய்யா காலையிலேர்ந்து கேட்டேன். கேமரா ஓடுதா?"

"முடிஞ்சுதுன்னு ஆஃப் பண்ணிட்டேன் சார்," என்றார் ஒளிப்பதிவாளர்.

ஐயோ பாவம் என்கிறீர்கள். சரி. பள்ளிக்கூடத்து நூறு மீட்டர் ஓட்டத்தில் வாங்கிய கோப்பையை, வருகிறவர் கண்ணில் படும்படி வரவேற்பறை அலமாரியில் நடுவாக வைத்திருப்பது யார்? அதை வாரம் தவறாமல் துடைப்பது யார்? நான் கேட்கவில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் பதவி உயர்வுப் பட்டியலைப் படிக்கும்போது, படிக்கிறவர் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தால், அந்த ஒரு மடக்கு நேரம் மட்டும் உங்கள் கழுத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.