ஹிந்துராவ் பைல்வானின் தாழ்ப்பாள்

"பாவோஜி, நீங்கதான் உள்ள போகணும். வேற யாரும் அந்த ஜன்னல்ல நுழைய முடியாது" என்றாள் பைல்வானின் மனைவி இந்துமதி, மைத்துனர் முறை வைத்து.

பக்கத்து வீட்டு ஒல்லி மனிதர், வளையல் கடை வாமன்ராவ், குளியலறை ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பூனை போகிற அளவுதான் இருந்தது. காலையில் குளிக்கப் போன ஹிந்துராவ் பைல்வான், தாழ்ப்பாள் இறுகி உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு, சாதாரா ஊரிலிருந்து வந்த பைல்வானோடு வெள்ளிக் கதாயுதத்துக்கான குஸ்தி. கோலாப்பூரே மைதானத்தில் போய் உட்கார்ந்தாகிவிட்டது.

சீடர்கள் இருவர் வாமன்ராவைத் தூக்கி, தபால் பெட்டியில் கடிதம் போடுவதுபோல உள்ளே போட்டார்கள்.

பைல்வான் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். வாமன்ராவ் தாழ்ப்பாளைத் தொட்டார். அது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

பைல்வான் பாய்ந்து அதைத் திரும்பப் போட்டார்.

"மெதுவாப் பேசுங்க. நேத்து அந்த சாதாராக்காரன் பயிற்சியைப் பார்த்தேன். ஆளைத் தூக்கிப் போடறான், ஆள் கீழ வர்றதுக்குள்ள வெத்திலை போட்டுக்கறான்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"துருப்பிடிச்சுப் போச்சுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா ஊர் நம்பும்."

அவ்வளவு பெரிய உடம்பு கையெடுத்துக் கும்பிட்டது. கடைக்கு வெளியே வாமன்ராவ் பொய் சொன்னதில்லை.

"துரு, வஹினி" என்று வெளியே நின்ற இந்துமதிக்குக் கேட்கும்படி கத்தினார்.

ஜன்னல் வழியாக எண்ணெய்க் கிண்ணம் வந்தது. பைல்வான் அதை வாங்கித் தலையில் தேய்த்துக்கொண்டார்.

"இன்னும் அசையலை வஹினி."

"அப்ப இடிச்சிடறோம்" என்றான் ஒரு சீடன்.

இடித்தார்கள். பைல்வான் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். எந்த எதிரியையும் அவர் இவ்வளவு உறுதியாகத் தடுத்ததில்லை. காரை உதிர்ந்தது.

"கடப்பாரை கொண்டாடா" என்று வெளியே குரல் கேட்டது.

"வேண்டாம், வேண்டாம். பைல்வானுக்கு மூச்சு முட்டுது" என்றார் வாமன்ராவ். இரண்டாவது பொய் சுலபமாக வந்தது.

வெளியே இந்துமதி அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது.

"உங்களை மூச்சுன்னு யார் சொல்லச் சொன்னா?" என்றார் பைல்வான், மூச்சு முட்ட.

அப்போது ஜன்னலில் ஒரு தொப்பி தெரிந்தது. குஸ்திக் கமிட்டியின் ஆள்.

"பைல்வான், அவசரமே இல்லை. சாதாராக்காரரும் காலையிலேர்ந்து லாட்ஜ் குளியலறையில மாட்டிக்கிட்டுத்தான் இருக்கார். யார் முதல்ல வெளிய வர்றாங்களோ, அவங்களுக்கே வெள்ளி கதாயுதம்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சு."