முன்மொழிய ஐவர், வழிமொழிய ஆளில்லை

கோப்பே கேடயமாய், பேனாவே வேலாய், மூன்று கூட்டங்களில் முறியடிக்கப்பட்டும் புறமுதுகு காட்டாத வீராங்கனை, மாற்றுத்திறன் குழந்தைகள் பள்ளியின் செயலாளர் வாழ்க! அவர் வேண்டியது மண்ணோ மணிமுடியோ அன்று. வாசற்படி ஐந்தின்மேல் ஒரு சாய்தளம். அது இல்லாமையால், சக்கர நாற்காலிக் குழந்தைகள் பதினொருவரைத் தினமும் சமையற்காரரும் காவலாளியும் ஒவ்வொருவராய்த் தூக்கி ஏற்ற, கடைசியாய் ஏறும் சிறுமி முதல் பாடத்தை என்றுமே கேட்டதில்லை.

முந்தைய மூன்று களங்களிலும், ஐவர் கொண்ட நிர்வாகக் குழுவென்னும் பெருஞ்சேனை, மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்று பொருதே கலைந்தது. ஆகவே இம்முறை செயலாளர் வியூகம் மாற்றினார். ஒவ்வொருவரையும் வீடு தேடிச் சென்று, "சாய்தளம்னு ஏதோ நீங்கதானே சொன்னீங்க?" என்று மெல்ல ஓர் அம்பு எய்தார். எவரும் சொன்னதில்லை, எவரும் மறுக்கவுமில்லை.

அந்தோ, ஐந்தும் தைத்ததே ஆபத்தாயிற்று! கூட்டம் கூடியதும், வெண்மீசைத் தலைவரும், ஓய்வுபெற்ற நீதிபதியும், துணிக்கடை அதிபரும், கல்லூரி முதல்வர் அம்மையும், காதோரம் கைப்பேசி நீங்காத மருத்துவரும், ஐந்து யானைகள் ஒருங்கே துதிக்கை உயர்த்தினாற்போல் கையுயர்த்தி, முன்மொழிபவர் தாமே என முழங்கினர். வழிமொழிய ஒருவருமில்லை, வழிமொழியாத தீர்மானமோ செல்லாது.

"யோசனை என்னுது. நான் எதுக்கு இவருக்குப் பின்னால நிக்கணும்?" என்றார் துணிக்கடைக்காரர்.

மணி ஐந்தை நெருங்கியது. ஐந்தடித்தால் சேனை வீடு திரும்பிவிடும். கைப்பேசி அழைக்க, மருத்துவர் வெளியேறினார். செயலாளர், கோப்பை மூடிவைத்துப் பிரம்மாஸ்திரம் தொடுத்தார்.

"யார் முன்மொழிஞ்சாலும் சரிதான் சார். அவங்க மட்டும் வேலை முடியுற வரைக்கும் தினம் காலையில ஆறு மணிக்கு வந்து கொத்தனார் பக்கத்துல நிக்கணும்."

நான்கு கைகளும் வீழ்ந்தன. வீழ்ந்த வேகத்திலேயே நால்வரும் வழிமொழிந்தனர். இப்போது முன்மொழியத்தான் ஆளில்லை. அக்கணம் கதவு திறந்தது. உள்ளே நடந்த சேனைமாற்றம் ஏதும் அறியாத மருத்துவர், முன்பு உயர்த்திய கை தாழாது வந்து நின்று, அவையதிர அறிவித்தார்: "யார் என்ன சொன்னாலும் சரி, முன்மொழியுறது நான்தான்."

ஏகமனதாய் நிறைவேறிற்று தீர்மானம். மேசை தட்டிய ஒலி எண்திசையும் எட்டிற்று. வெற்றித்திருமகள் கோப்பின்மேல் வந்தமர்ந்தாள்.

மறுநாள் ஆறு மணிக்குக் கொத்தனார் வந்துவிட்டார், டாக்டர் போனை எடுக்கவில்லை.