தட்டு புளித்ததற்கு நான் பொறுப்பு

ஆய்வுக்கூடத் தலைவர் ஐயா அவர்களுக்கு, உங்களிடம் வேலை பார்க்கும் பெண்ணின் பாட்டி வணக்கம் சொல்லி எழுதுவது. அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகமில்லை, பேத்தி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

அவளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவேன் என்றீர்களாம். எடுக்காதீர்கள், தப்பு என்னுடையது. நேற்று அவளிடம் வீட்டுச் சாவி வாங்க அங்கே வந்தேன். வாசலில் உங்களுக்கு வணக்கம் வைத்தேன், தலைகூட ஆட்டவில்லை, போகட்டும், மறந்துவிட்டேன். பேத்தி என்னை இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு டார்ச்சைக் கொடுத்தாள். உங்கள் ஆபீஸில் பேட்டரிக்கும் பஞ்சமோ என்னவோ, சிவப்பாக அழுது வடிந்தது. அங்கே ஒரு மூடிபோட்ட பெட்டி; அதற்குள் தட்டில் என்ன என்று கேட்டேன்.

"உயிரணு, பாட்டி. அதோட மேல்தோல்ல ஒரு புரதம் இருக்கு, கதவு மாதிரி. வெளிச்சம் பட்டா திறக்கும், இருட்டுல சாத்திக்கும். வெளியே புரோட்டான் கூட்டமா நிக்குது. திறந்தா உள்ளே போய்ப் புளிக்கவச்சிடும்."

"யாரும் தள்ள வேணாமா?"

"கூட்டமா இருக்கிற பக்கத்துலேருந்து காலியா இருக்கிற பக்கத்துக்குத் தானா ஓடும்."

பஸ் கதவு திறந்தால் நடப்பதுதான். என்னை முந்திப்போய் உட்கார்ந்த பச்சைச் சட்டைக்காரன் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அவள் பாத்திரம் கழுவப் போனதும் நீங்கள் வந்தீர்கள். செல்போனைப் பார்த்துச் சிரித்தபடியே பெட்டி மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தீர்கள். செல்போன் வெளிச்சத்தில் முகமெல்லாம் நீலம். மூலையில் இருந்த என்னை யாரென்று கேட்கவில்லை; அதையும் மறந்துவிட்டேன். நீங்கள் போனபின் என் மூக்குக்கண்ணாடி விழுந்து, டார்ச்சை அடித்துப் பெட்டிப் பக்கமெல்லாம் துழாவினேன். மூடி வேறு சரியாகச் சாத்தவில்லை. பேத்தி வந்து அளந்தால் உள்ளே புளித்துக் கிடக்கிறது. "யாரு வெளிச்சம் காட்டினது?" என்று நீங்கள் கத்தினபோது டார்ச்சோடு நின்றவள் நான். "நான்தாங்க" என்றேன். அவளை விட்டுவிடுங்கள், என்னைத் திட்டுங்கள்.

உங்கள் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்கும் பாட்டி

பி.கு.: இதைப் பேத்தியிடம் படித்துக் காட்டினேன். "முகமெல்லாம் நீலம்" வந்ததும், "அதை இன்னொரு தடவை படி பாட்டி" என்றாள். இப்போது தட்டு நிறையப் போட்டுச் சாப்பிடுகிறாள். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டியதே அவள்தானாம். சிவப்புக்கு அந்தக் கதவு அசையாதாம், நீலத்துக்குத்தான் திறக்குமாம். ஆகவே மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வணக்கத்தையும், வாசலில் வைத்தது உட்பட. நாளைக்கு அவள் வேலைக்கு வருவாள், கூடவே நானும். பிள்ளைகளுக்குச் சொன்ன ஆசி மட்டும் இருக்கட்டும். அவர்கள் என்ன செய்தார்கள், பாவம்.