கோச்சடை பேகன்

மதுரையில் பக்தர்களுக்குப் பஞ்சமில்லை. அலகு குத்துகிறவர், அக்கினிச் சட்டி எடுக்கிறவர், யார் ஊர்க் கும்பாபிஷேகம் என்றாலும் பந்தியில் முதல் ஆளாக உட்கார்கிறவர் என்று எல்லா வகையும் உங்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்களில், காளவாசல் பக்கத்துப் பிரவுசிங் சென்டர்களில் புதிதாக ஒரு வகை முளைத்தது. அதை நீங்கள் கவனித்தீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள். கறுப்புச் சட்டை போட்டிருந்ததால் ஏதோ கட்சிக்காரப் பையன் என்று விட்டிருப்பீர்கள். அவர்தான் இளம் பேகன்.

பயப்பட வேண்டாம், கடிக்க மாட்டார். விளக்கம் கேட்டால்தான் ஆபத்து.

ஏசுநாதர் பிறப்பதற்கு முன்னால் ஐரோப்பாவில் மரத்தையும் சூரியனையும் நிலாவையும் கும்பிட்டுக்கொண்டிருந்த ஜனங்களுடைய வழிபாட்டை இவர் கம்ப்யூட்டர் வழியாகக் கற்று, அந்த ஜனங்களின் கொள்ளுப்பேரர்களே மறந்துபோனதையெல்லாம் மனப்பாடம் செய்து, நெஞ்சில் ஐந்து முனை நட்சத்திரம் தொங்க, சித்திரை வெயிலில் முழுக்கைக் கறுப்புச் சட்டையுடன் வியர்த்து வழிந்தபடி, ‘நான் ரிலிஜியஸ் இல்லண்ணே, ஸ்பிரிச்சுவல்’ என்பார். அடுத்தது, ‘இயற்கைதான் என் கோயில்.’ அதற்கும் அடுத்தது, ‘அதெல்லாம் உங்களுக்குப் புரியாது.’ இந்த மூன்றாவதைச் சொல்வதற்காகத்தான் முதல் இரண்டையும் சொல்கிறார் என்பது என் துணிபு.

சும்மா சொல்லவில்லை. கோச்சடையில் எங்கள் தெருவிலேயே, எனக்கு மூன்றாவது வீட்டில், இந்த இனத்தில் ஒருவர் இருந்தார். பெயர் பாண்டியராஜன். அப்பா விருமாண்டி, உசிலம்பட்டிப் பக்கத்து நிலத்தில் ஒரு துண்டை விற்று இங்கே மாடி வீடு கட்டி வந்தவர். அம்மா அன்னக்கொடி. தங்கை தமிழ்ச்செல்வி, தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். பாண்டியராஜன் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலையும் இவரைத் தேடவில்லை, இவரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. கம்ப்யூட்டரில் அவர் சேர்ந்திருந்த குழுவில் அவருக்கு ‘ரேவன்’ என்று பெயர். அண்டங்காக்கை என்று அர்த்தமாம். வீட்டுச் சுவரில் சோற்றுக்குக் காத்திருக்கும் நிஜக் காக்கையைக் கண்டால் மட்டும் கல்லை எடுப்பார்.

காலையில் எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போய், கையில் கத்தியைப் பிடித்து நான்கு திசைகளையும் ஆங்கிலத்தில் கூப்பிட வேண்டும். அதற்கென்று கறுப்புப் பிடி போட்ட கத்தி வேண்டும் என்பது சாஸ்திரம். வீட்டில் இருந்தது ஒன்றுதான். வடக்குத் திசை வந்து சேர்வதற்குள் கீழேயிருந்து அன்னக்கொடியின் குரல் வரும்.

“அந்தக் கத்தியக் கீழ வச்சிட்டுப் போடா. கத்திரிக்கா அறுக்கணும்.”

“அம்மா, சர்க்கிள் போட்டுட்டேன். முடிக்காம வெளிய வரக் கூடாது.”

“வட்டத்த அழிச்சிட்டு வா. ஒங்கப்பாவுக்கு நேரமாச்சு.”

வருடத்துக்கு எட்டுப் பண்டிகை. எட்டும் பனி பெய்கிற ஊருக்காக உண்டானவை. மார்கழியில் சூரியன் திரும்பி வர வேண்டும் என்று ஒரு வேண்டுதல். மதுரையில் சூரியன் எங்கேயய்யா போனது, திரும்பி வர? வருடத்தில் அந்த நாலு வாரம்தான் நாம் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். அதிலும் இவர் மாடியில் நின்று கையை விரித்து, ‘ஒளியே வா’ என்று கூப்பிடுகிறார். பிப்ரவரியில் பனி உருகுவதைக் கொண்டாடினார். உருகியது ஃபிரிட்ஜில்தான், கரண்ட் போயிருந்தது. மார்ச்சில் முட்டைக்கு வர்ணம் பூசி வைத்தார். பூசியது தெரியாமல் அன்னக்கொடி ஆம்லேட் போட்டுவிட்டார். மே மாதம், கத்திரி வெயில் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, கோடைக்கு வரவேற்பு! கொடிக்கம்பில் ரிப்பன் கட்டி அதைச் சுற்றி ஆடினார். ஒற்றை ஆளாகத்தான். எதிர்வீட்டு மாடியில் வற்றல் காயப்போட வந்த ராதாமணி, பாவம், பிள்ளைக்கு வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைத் தேடி ஓடினார்.

இவ்வளவு பச்சைப் பசேல் பக்தரல்லவா, ஆடியில் தெருப் பெண்கள் முளைப்பாரி வளர்த்து, இருட்டறையில் முளைத்த நவதானியத்தைத் தலையில் சுமந்து வைகைக்கு ஊர்வலம் போனபோது என்ன செய்தார் தெரியுமா? ஸ்பீக்கர் சத்தம் தியானத்தைக் கெடுக்கிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பூமித் தாயைக் கும்பிடுகிறவர். வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் அவருடைய சொந்த விஷயம், நமக்கென்ன என்கிறீர்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். மாடியில் நின்று கத்தியைக் காட்டுகிறவரால் யாருக்கு என்ன நஷ்டம்? கத்திரிக்காய் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஐப்பசி வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஐப்பசியில், தீபாவளி முடிந்த மறு வாரம், தமிழ்ச்செல்வியைப் பெண் பார்க்க செக்கானூரணியிலிருந்து வருவதாக ஏற்பாடு. முன்னால் வந்த இரண்டு வரன்கள், டீச்சர் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லித் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளை வீட்டில், வேலைக்குப் போகட்டும், நல்லதுதானே என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே தமிழ்ச்செல்விக்குப் பிடித்துவிட்டது. போட்டோவைப் பார்த்தபின் இன்னும் கொஞ்சம் பிடித்தது. அண்ணனிடம் முன்கூட்டியே கெஞ்சியிருக்கிறாள்.

“அண்ணே, அன்னைக்கி ஒரு நாளாச்சும் சட்டய மாத்திக்கிட்டுக் கீழ இருண்ணே. ஒன்னயக் கும்புட்டுக் கேக்குறேன்.”

“இருக்கேன் தமிழு. ஆனா மொத நாள் சாயங்காலம் எனக்கு முக்கியமான பண்டிகை. அத மட்டும் முடிச்சிக்கிறேன்.”

அது செத்தவர்களுக்கான பண்டிகை. எழுதுவது ஒரு மாதிரி, உச்சரிப்பது வேறு மாதிரி. எனக்கு இரண்டும் வரவில்லை. அன்றைக்கு முன்னோர்களின் ஆவி வீடு தேடி வருமாம். வழி தெரிவதற்காக வாசலில் பெருநெருப்பு மூட்டி, அது விடிந்து சூரியனைப் பார்க்கும்வரை அணையாமல் காக்க வேண்டுமாம். பாண்டியராஜன் விறகுக் கடையிலிருந்து இரண்டு பெருங்கட்டைகளைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே போட்டுப் பற்ற வைத்தார். ஐப்பசி மழை சும்மா இருக்குமா? கட்டை எரியவில்லை, புகைந்தது. விருமாண்டி வந்து திட்டிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப்போனார். விடிகாலையில் பேகன் இறங்கி வந்தார். சாஸ்திரம் விடுமா? அடியில் உயிரோடிருந்த கங்குகளை ஊதி, கட்டையை மறுபடி புகையவிட்டு, மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

வீட்டார் எல்லாரும் பின்கட்டில் கேசரிக்கும் பஜ்ஜிக்கும் ஆளாய்ப் பறந்துகொண்டிருந்தார்கள். வாசலில் அன்னக்கொடி போட்ட கோலத்தை மழை கரைத்துவிட்டிருந்தது. வருகிறவர்கள் உட்கார விருமாண்டி இருட்டோடு எழுந்து பந்தல்காரரிடம் சொல்லி, மழைக்கு ஒரு தார்ப்பாய் கட்டி, வரிசையாகப் பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தார்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாசலில் கோலம் இல்லை, தார்ப்பாய் கட்டி வரிசையாக நாற்காலி, ஓரத்தில் கட்டை புகைகிறது என்றால், மதுரைச் சீமையில் அந்த வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது. யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டாம். பார்த்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார வேண்டியதுதான்.

முதலில் பார்த்தவர் ராதாமணி. என்னை வாசலில் கூப்பிட்டுச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“அண்ணே, விருமாண்டி அண்ணனுக்கு என்னாச்சு? நேத்து நல்லாத்தானே தண்ணி ஊத்திட்டிருந்தாரு!”

நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அப்போது தெருவில் ஒரு வேன் வந்து நின்று, டிரைவர் தலையை நீட்டி ராதாமணியிடம் ஏதோ கேட்பதையும், ராதாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவதையும் பார்த்தேன். வேன் திரும்பிப் போய்விட்டது. அதில் மாப்பிள்ளை வீட்டார்தான் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல், ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

போனவர்கள் அப்படியே ஊருக்குப் போயிருந்தால் பிழைத்திருப்போம். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைத்துரை மரியாதை தெரிந்த மனிதர். பெண் எடுக்க வந்த வீட்டில் சாவு என்று தெரிந்தபிறகு முகத்தைக் காட்டாமல் போவதா? காளவாசலில் வேனை நிறுத்தி, பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கி, தட்டுத் தாம்பூலத்தை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, பெண்களைத் தலைப்பூவைக் கழற்றச் சொல்லி, மறுபடி வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் அம்மா ஒச்சாயி அந்த வட்டாரத்தில் ஒப்பாரிக்குப் பேர்போனவர். வேனிலிருந்து கால் கீழே பட்டதும் தொடங்கிவிட்டார். கூட வந்த பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள். தெருவே அதிர்ந்தது.

“தட்டு எடுத்து வந்தோமே, தாம்பூலம் கொண்டு வந்தோமே,
வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போனீகளே!”

“வாங்க, வாங்க!” என்று சிரித்த முகமாய்க் கைகூப்பிக்கொண்டு விருமாண்டி வெளியே வந்தார். புது வேட்டி, நெற்றியில் சந்தனம்.

ஒச்சாயி அடுத்த அடியைப் பாதியில் விழுங்கினார். ஒரு பெண் ‘ஆத்தீ’ என்று வேனுக்கே ஓடிவிட்டார். வெள்ளைத்துரை கையில் மாலையோடு நின்றார். அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். ஆனால் அது ஆளுயர மாலை.

“மச்சான், அப்ப இந்தக் கட்டை...?” என்றார் கடைசியில்.

அப்போதுதான் மேலே ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். எல்லாரும் நிமிர்ந்தோம். மொட்டை மாடியில் பாண்டியராஜன், கண்ணில் கேமரா, முகத்தில் அப்படியொரு பரவசம்.

“நிறுத்தாதீங்க! ரொம்ப நல்லாருக்கு! அந்த வரிய இன்னொரு தடவ சொல்லுங்க அத்தே!”

இறங்கி வந்து விளக்கமும் கொடுத்தார். அயர்லாந்து, ஆவி, நெருப்பு, எனர்ஜி. வந்தவர்கள் மரியாதைக்காக முழுவதையும் கேட்டுக்கொண்டார்கள். விருமாண்டி மட்டும் கட்டையைப் பார்த்தபடியே நின்றார். வெள்ளைத்துரை சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். விடுங்க, ஆயுசு கெட்டி என்றார். ஒச்சாயிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்னக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த முறை நிஜமாகவே அழுதார்.

“தப்பா நெனைக்காதீக மதினி. உசுரோட இருக்க மனுசனுக்கு ஒப்பாரி வச்சிப்புட்டேன். நாளைக்கு எந்த மொகத்தோட அவுக முன்னாடி சம்பந்தின்னு நிப்பேன்? அந்தப் புள்ளய நல்லா வாழுற எடமாப் பாருங்க.”

ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. வெறுங்கையோடு வேனில் ஏறினார்கள். மாலை நாற்காலியில் கிடந்தது. மாப்பிள்ளைப் பையன் வேன் ஜன்னலிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு போனான்.

தமிழ்ச்செல்வி கேசரித் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. எவ்வளவு நேரமாக நின்றாளோ. தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த மாலையை இரண்டு கையாலும் எடுத்து வந்து அண்ணன் கழுத்தில் போட்டாள்.

“நான் அழுது முடிச்சிட்டேண்ணே. இனி நீ போலாம்,” என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாண்டியராஜன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கணம் தங்கையைப் பார்த்தார். பிறகு மாலையைச் சரிசெய்துகொண்டு, கேமராவை என்னிடம் நீட்டி, “அண்ணே, கட்டையும் விழுற மாதிரி ஒண்ணு எடுங்க” என்றார்.

அந்தப் போட்டோக்கள் ஸ்கேன் ஆகிக் கடல் தாண்டிப் போயின. ‘எங்கள் குடும்பத்தின் பாரம்பரிய இரவு வழிபாடு’ என்று தலைப்பு. எடுத்தது பட்டப்பகலில். கனடாவிலிருந்து ஒரு அம்மாள், அந்த அழுகைப் பெண்களின் பக்தி தன்னை உலுக்கிவிட்டதாக எழுதியிருந்தாராம். பாண்டியராஜன் அதைப் பிரிண்ட் எடுத்து எல்லாரிடமும் காட்டினார். தமிழ்ச்செல்வி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அதை அவர் கவனிக்க வாரங்கள் ஆயின. கவனித்தபோது, ‘அவளுக்கு என் வழி புரியல’ என்றார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நீங்கள் பேகன் இல்லை, மாலையைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற ஆளும் இல்லை. டிவியில் ஒருவர் சொன்னார் என்று போன வருடம் அடுப்படி ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தீர்களே, அது வாஸ்து, அது வேறு. ராகு காலம் என்று மகளின் இன்டர்வியூவுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூட்டிப்போனீர்களே, அது முன்னெச்சரிக்கை, அதுவும் வேறு. அன்றிலிருந்து உங்கள் வீட்டுக்குச் சகல ஐஸ்வரியமும் வந்திருக்கும், நான் மறுக்கவில்லை. வீட்டில் உங்களோடு யாராவது கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்திருக்கிறார்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு உங்கள் வழி புரியவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், சட்டையின் நிறம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, உங்களை எனக்குத் தெரியும்.